ஊருக்கு ஒரு முகம்

அந்தக் காலத்தில், செடிகொடி முதல் வேரை அரிக்கும் பூஞ்சாணம் வரைக்கும் எல்லாம் வாய் திறந்து பேசித் திரிந்தபோது, பூஞ்சாணத்துக்கு ஒரே முகம்தான். சோளமாவைப் பூசின மாதிரி வெளுத்த முகம். மண்ணுக்குள் எங்கே தலைகாட்டினாலும், "அடியே, வந்துட்டாடீ!" என்று ஒரு துவரை கத்தும். மற்றச் செடிகள் எல்லாம் வேரை இறுக்க மூடிக்கொள்ளும். அசந்த செடி ஒன்றிரண்டுதான் மாட்டி, வாடிச் சாகும்.

மாட்டினால் அதற்கும் ஒரு முறை இருந்தது. காட்டுக்காரர் வரப்பில் ஏறி நின்று, "என் காட்டுல வாடல் விழுந்திருக்கு, விதைக்கு வராதீங்க!" என்று கூப்பாடு போட வேண்டும். அந்த வருஷம் அவரிடம் யாரும் விதை வாங்க மாட்டார்கள். வாடலும் அந்தக் காட்டோடு நின்றுபோகும்.

ஒச்சாயி என்ற காட்டுக்காரிக்கு அப்படிக் கூப்பாடு போடும் தேவையே வந்ததில்லை. செம்மண் குழைத்துப் பூசி அவள் காயவைக்கும் துவரை விதைக்குச் சுற்றுவட்டாரமே வந்து நிற்கும். "ஒச்சாயி விதை பொய்க்காது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அம்மணிக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்!

ஒரு தை மாசம் நெற்றுப் பறிக்கப் போனவள், காட்டின் நடுவே செடிகள் வாடி நிற்பதைப் பார்த்தாள். ஒன்றைப் பிடுங்கித் தண்டைக் கீறினாள். உள்ளே கருங்கோடு ஓடியிருந்தது.

"ஆத்தா, கண்ணசந்துட்டோம். வரப்புல ஏறிக் கூப்பாடு போடு" என்றது பக்கத்துச் செடி.

"வாயை மூடு! வெளியே தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்" என்றாள். நெற்றை உருவிக்கொண்டு, வாடின செடிகளை ஓடைக்கரையில் புதைத்தாள்.

விதைக்குச் செம்மண் பூசும்போது பூஞ்சாணம் எட்டிப் பார்த்தது. "நானும் விதையோட ஊர் ஊராப் போறேன் ஒச்சாயி. ஆனா என் முகத்தைப் பார்த்தா எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்களே?"

அப்போது அவள் சொன்னாள் பாருங்கள், எந்த நேரத்தில் அந்தச் சொல் நாக்கில் வந்ததோ! "உன்னைக் கும்பிடுறேன். இந்த முகத்தோட மட்டும் போகாதே. ஊருக்கு ஒரு முகம் வச்சுக்க. என் காட்டுல இருந்து வந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"கரும்பு தின்னக் கூலியா?" என்று சிரித்தது பூஞ்சாணம்.

மறு வருஷம் ஓர் ஊரில் முளைத்த கையோடு செடி செத்தது. இன்னோர் ஊரில் பூவும் பிஞ்சுமாய் நின்றபோது வாடியது. ஒரு காட்டில் சிவப்புத் துவரையைத் தின்றுவிட்டு வெள்ளையை விட்டது. அடுத்த காட்டில் வெள்ளையைத் தின்றுவிட்டுச் சிவப்பைத் தொடவில்லை. பாவம், யாரைக் கண்டு வேரை மூடுவது என்று செடிகளுக்கே தெரியவில்லை.

யாராவது ஏச வருவார்கள் என்று ஒச்சாயி பயந்து கிடந்தாள். வந்தது பக்கத்து ஊரில் இருந்த தம்பி பெண்டாட்டி மூக்காயி. இடுப்பில் இருந்த பிள்ளை பசியில் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

"மதினி, எங்க மண்ணுலதான் ஏதோ தோஷம். நீங்க குடுத்த தங்கமான விதையைக் கெடுத்துட்டோம். கோவிச்சுக்காம இன்னும் ஒரு படி குடுங்க" என்று அவள் காலைத் தொட்டாள்.

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதடி. மண்ணு மேல பழியில்லை. வாடின காட்டு விதைன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

மூக்காயி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஒச்சாயி காட்டுக்கு ஓடினாள். வரப்பில் ஏறித் தொண்டை கிழியக் கூப்பாடு போட்டாள். பிறகு மண்ணைப் பார்த்து, "பழைய முகத்தோட வந்துரு. ஊருக்கெல்லாம் உன்னை அடையாளம் காட்டணும்" என்று அழுதாள்.

"பழைய முகமா? உன் பேச்சைக் கேட்டு எத்தனையோ மாத்திட்டேனே தாயி. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றது பூஞ்சாணம்.

சுற்றி நின்ற துவரைகள் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு ஒச்சாயி தலை நிமிரவே இல்லை. அவளைப் பார்த்துப் பார்த்து அந்த வெட்கம் செடிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அன்று முதல்தான் வாடல் ஊருக்கு ஒரு முகத்தோடு திரிகிறது. அது பிடித்த துவரையும் கீழே சாயாமல், நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாகிறது.