முத்துராக்கு தாண்டிய மடை

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் வாயில மிச்சமிருக்கிற மூணு பல்லும் இப்பவே கொட்டட்டும். யாரு அங்க சிரிக்கிறது? பல்லை எண்ணாதே, கதையைக் கேளு.

ஒரு ஊரில ஒரு ராஜா இருந்தார். மீசையைத் தூக்கிவிட ரெண்டு ஆளு, இறக்கிவிட ரெண்டு ஆளு. ஆட்டம்னா அவருக்கு உசிரு. ஆனா பார்த்ததையே பார்த்துச் சலிச்சுப்போயி, ஒரு நாள் தண்டோரா போட்டார்: "ஆடி பிறக்கிற அன்னிக்கு யார் வேணாலும் புது ஆட்டம் கட்டிக்கிட்டு வரலாம். சொந்த ஆட்டம்னா அரண்மனையில ஆட்டம் கட்டுற வேலை. அடுத்தவங்க ஆட்டம்னா சலங்கையைப் பிடுங்கிடுவேன். ஆயுசுக்கும் ஆடக் கூடாது!"

அந்த ஊர் உப்பளத்தில முத்துராக்குன்னு ஒரு பொண்ணு. காலையில உப்பு வாருவா, சாயங்காலம் ஆபத்சகாயம் நட்டுவனார்கிட்ட ஆடக் கத்துக்குவா. அவர் இருமினா சிஷ்யப்பிள்ளைங்களும் தாளத்தோட இருமணும், அப்படி ஒரு வாத்தியார்.

தண்டோராவைக் கேட்ட முத்துராக்கு உப்பளத்து ஓரமா நின்னு ஒரு ஆட்டம் கட்டி ஆடிப் பார்த்தா. பக்கத்தில ஒத்தக் காலில நின்ன கொக்கு கேட்டுச்சு: "ஏம்மா, இது யாரு காலு?"

கொக்கு பேசுமான்னு கேக்காதே. அப்ப பேசுச்சு.

"என் காலுதான் கொக்கு மாமா."

"இல்லியே. ஆபத்சகாயத்துக்கு முட்டிப் பிடிப்பு, அதனால காலை மடக்காம வீசுறார். உனக்கு என்ன நோவு?"

மறுநாள் வேற ஆட்டம் கட்டினா. கொக்கு மறுபடியும், "இது யாரு காலு? கோயில் தூண் சிலையோடதுல்ல? அது கல்லும்மா, அதுக்கு மூச்சு வாங்காது. உனக்கு வாங்குதே!"

முத்துராக்கு அழுதுட்டா. "நீங்களாவது ஒரு அடி சொல்லிக் குடுங்களேன், மாமா!"

"குடுத்தா அது கொக்குக் காலா ஆயிடும். எனக்குத் தெரிஞ்சது நிக்கிறது, அதுவும் மீனுக்காக."

மூணாம் நாள், கோவத்தோட உப்புக் கூடையைத் தூக்கிக்கிட்டு வரப்பில விறுவிறுன்னு நடந்தா. கொக்கு கத்துச்சு: "நில்லு! இப்ப நடந்தியே, இது யாரு காலு?"

அவ குனிஞ்சு தன் காலைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. உப்பு குத்தாம இருக்கப் பாதத்து விளிம்பால வைக்கிற நடை, பலகையால உப்பை இழுக்கிறப்ப வளையிற இடுப்பு, வரப்பு நடுவுல தண்ணி பாயிற மடை வந்தா ஒரு தாவல். எல்லாத்தையும் சேர்த்துச் சேர்த்து ஆட்டமாக் கட்டினா. ஒவ்வொரு அடிக்கும் கொக்கு "இது?"ன்னு கேக்கும். அவ "என்னுது"ம்பா.

அப்ப உடைமரத்துக்குப் பின்னால ஒரு தலைப்பாகை தெரிஞ்சுச்சு. வேற யாரு, நட்டுவனார்தான்!

ஆடி பிறந்துச்சு. சபையில முதல்ல ஆபத்சகாயம் வந்து அதே நடை, அதே வளைவு, அதே தாவல், முட்டி வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு ஒண்ணு விடாம ஆடிட்டார். அடுத்து முத்துராக்கு. பாவம், அவகிட்ட வேற என்ன இருக்கு? அதையேதான் ஆடினா.

"திருடி! என் சிஷ்யை, மகாராஜா. என்னைப் பார்த்துக் காப்பியடிச்சுட்டா!"

சேவகன் சலங்கையில கை வச்சுட்டான். அப்ப கூரை விளிம்பிலேர்ந்து ஒரு குரல்: "இது யாரு காலு?"

ராஜா நிமிர்ந்து பார்த்தார். "கொக்கு கேக்கிறதும் நியாயந்தான். நட்டுவனாரே, நடுவுல ஒரு தாவல் தாவினீரே, எதுக்கு?"

"அழகுக்கு, மகாராஜா."

"நீ ஏம்மா தாவினே?"

"அங்க மடை இருக்கு, ராஜா. எங்கப்பா அதில வழுக்கி இடுப்பொடிஞ்சு அஞ்சு வருசமாப் படுத்திருக்கார். அந்த இடம் வந்தா என் காலு என்னைக் கேக்காமலே தாண்டிடும்."

ராஜாவோட மீசை, ஆளு இறக்காமலே இறங்கிடுச்சு.

நட்டுவனாரோட சலங்கையைக் கழட்டிக்கிட்டு, அவர் கையில உப்புக் கூடையைக் கொடுத்தாங்க. ஒரு வருசம் அதே வரப்பில நடக்கணும். முட்டிப் பிடிப்போட அவர் நொண்டி நொண்டி வர்றதைப் பார்த்துக் கொக்கு சொல்லுச்சு: "இதுதான்யா உம்ம காலு. இதை வச்சே ஒரு ஆட்டம் கட்டியிருக்கலாமே!"

அரண்மனை வேலை கிடைச்ச முத்துராக்குகிட்ட ஆட்டம் கட்டக் கத்துக்க வந்த பிள்ளைகளுக்கு அவ ஒரு அடிகூட ஆடிக் காட்டலை. பக்கத்தில உக்காந்து, "இது யாரு காலு?"ன்னு மட்டும் கேப்பா. அதுக்குப் பதில் சொல்ல ஒருத்தனுக்கு மூணு வருசம் ஆச்சாம். அவளும் காத்துக்கிட்டு இருந்தாளாம்.

அவங்க ஆட்டம் அரண்மனையில, என் பேச்சு இதோட. ஆனா ஒண்ணு, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஆபத்சகாயம் வம்சத்துக்காரங்க நம்ம தெருவிலதான் இருக்காங்க. யாராவது கேட்டா, கொக்கு சொல்லுச்சுன்னு சொல்லிடுங்க.