கூடுதல் இருபத்து நாலு

குரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். சீடர் பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் பிடித்தார். குருவுக்கு முப்பத்து மூன்று வயது, பெயர் எஸ்தர். சீடருக்கு ஐம்பத்தாறு, பெயர் குழந்தைவேலு. சுந்தராபுரத்தில் இருந்த எஸ்தரின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டு இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் போன வாடிக்கையாளர் இல்லை. அதனால் இருவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கார்புரேட்டர் காலத்தில் குழந்தைவேலு காதை வைத்தே வண்டியை டியூன் செய்தவர். ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் இன்ஜின் அவர் சொன்னபடி கேட்டது. இப்போது வருகிற வண்டிகளில் திருப்புவதற்கு ஸ்குரூவே இல்லை. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து வரும் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் பத்தவில்லை என்றோ அதிகம் என்றோ கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக் கூட்டுகிறது, குறைக்கிறது. அந்தக் கூட்டல் கழித்தலுக்கு ட்ரிம் என்று பெயர். இதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு எஸ்தரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

நான்கு நாளாக ஒரு பழைய வாடகை வண்டி அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

“ஸ்கேனர் என்ன சொல்லுதுங்ணா?” எஸ்தரின் குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

“பெட்ரோல் பத்தலைங்குது அம்மணி. கம்ப்யூட்டரு இருபத்து நாலு சதவீதம் கூடுதலா ஊத்துது. அப்பவும் பத்தலைங்குது.”

“ப்ளக்?”

“கரிக்கட்டையாட்டக் கறுத்துக் கெடக்குது.”

“பெட்ரோல் பத்தாத வண்டியில ப்ளக் கறுக்குமா?”

“கறுக்காது. வெளுக்கும்.”

“அப்பப் பொய் சொல்றது யாரு?”

“சென்சார்தான், வேற யாரு? ரெண்டு தடவை புதுசு மாத்திட்டேன். ரெண்டும் சொல்லி வெச்ச மாதிரி அதே பொய்யைச் சொல்லுது. பம்பை மாத்தினேன். இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவினேன். இனி மாத்தறதுக்கு டிரைவர்தான் பாக்கி.”

எஸ்தர் சிரித்தபடி வெளியே நகர்ந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சீடரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“வண்டியை விடுங்க. நாலு நாளா நீங்க சரியாச் சாப்பிடறதே இல்லை. என்ன சங்கதி?”

குழந்தைவேலு டார்ச்சை அணைத்தார்.

“இந்த வண்டிக்காரன், திருமூர்த்தி. எனக்குக் கூட்டாளி. பதினெட்டு வருசம் ரெண்டு பேரும் ஒண்ணா ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தோம்.”

எஸ்தருக்கு இது புதிது. திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்ட மனிதர் எஸ்தரிடம் மட்டும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். குழந்தைவேலு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் பக்கம் அந்த ஆள் திரும்பவே இல்லை.

குழந்தைவேலு சொல்லத் தொடங்கினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவர்கள் சரிசெய்து அனுப்பிய ஒரு வண்டியில் பிரேக் பிடிக்காமல் போய், ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. அந்தப் பிரேக் வேலையைப் பார்த்தது திருமூர்த்தி. அன்று மத்தியானம் அவன் தள்ளாடி நடந்ததாகப் பேக்கரியில் ஒருவர் சொன்னார். குடித்திருந்தான் என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். தினமும் குடிப்பான் போலிருக்கிறது என்றார் மூன்றாமவர்.

“அவசரப்படலை அம்மணி. ஒரு வாரம் விசாரிச்சேன். எல்லார்த்துகிட்டயும் கேட்டேன்.”

“அவருகிட்ட?”

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

“கேக்கலை. நாலு பேரு முன்னால வெச்சு, ஸ்பேனரை வெச்சுட்டுப் போடான்னேன். வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ்காரங்க பார்த்துட்டுச் சொன்னாங்க. ரோட்டுல கல்லடிச்சு பிரேக் ஹோஸ் அத்துப் போயிருக்குது. அவன் வேலையில குத்தமே இல்லை. குடிக்கவும் இல்லை. பல்லு வலிக்கு மாத்திரை போட்டிருக்கான், அதுதான் தலையைச் சுத்த வெச்சிருக்குது.”

“தெரிஞ்ச பொறகு போய்ப் பார்த்தீங்களா?”

“எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு ஒன்பது வருசம் ஓடிப்போச்சு. ஒர்க்‌ஷாப்பையும் மூடிட்டேன்.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்கு வண்டி எடுக்க வாரான். எடுத்துட்டுப் போயிட்டான்னா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டான். அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? நீங்கதான் சொல்லித் தரணும்.”

எஸ்தர் எழுந்து வண்டிக்குள் ஏறினார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஒரு பழைய துணியைச் சுருட்டிச் சீடரிடம் கொடுத்தார்.

“இதைச் சைலன்சர் வாயில திணிச்சுட்டு இங்க வாங்க.”

அவர் திணித்துவிட்டு வந்தார். எஸ்தர் ஒரு குவளை சோப்புத் தண்ணீரைக் கலக்கி, இன்னும் சூடேறாத புகைக்குழாயின் மேல் மெதுவாக ஊற்றினார். வழியடைபட்ட புகை பிதுங்க, குழாயின் பழைய வெல்டிங் ஓரத்தில், சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், குமிழி குமிழியாக நுரை கிளம்பியது. தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்.

குழந்தைவேலு குனிந்து பார்த்தார்.

“வெளிக்காத்து,” என்றார். “வண்டி ஓடறப்ப இது வழியா உள்ள பூந்து, புகையோட கலந்து சென்சாருக்கு வந்திருக்குது. அதை மோந்து பார்த்துத்தான் காத்து அதிகம், பெட்ரோல் பத்தலைன்னு சொல்லியிருக்குது.”

“அப்பச் சென்சார் சொன்னது பொய்யா?”

“பொய்யில்லைங்க. வந்ததைச் சொல்லியிருக்குது.”

“இன்ஜின் ஏதாவது தப்புப் பண்ணுச்சா?”

குழந்தைவேலு நுரையை விரலால் வழித்தார். விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் இன்ஜினை அணைத்தார்.

குழாயைக் கழற்றி வெல்டிங் வைத்துப் பூட்டி முடிக்க மத்தியானம் இரண்டரை மணி ஆயிற்று. வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். கரும்புகை நிற்கவில்லை. ஸ்கேனரில் அதே இருபத்து நாலு.

“அடைச்சாச்சேங்க. இன்னும் ஏன் இறங்க மாட்டேங்குது?”

“கம்ப்யூட்டரு ரொம்ப நாளாப் பழகி வெச்சிருக்குது. அடைச்ச உடனே விட்டுடுமா?”

“பழகினதை அழிக்கறதுக்குப் பட்டன் இருக்குதுங்களே.” அவர் விரல் அதற்குள் பட்டனுக்குப் போய்விட்டது.

“கையை எடுங்கண்ணா. அழிச்சா உடனே பூஜ்யம் காட்டும். விரிசல் அப்படியே இருந்தாலும் பூஜ்யந்தான் காட்டும். அடைச்சது நின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஓட்டித்தான் இறக்கணும்.”

“எவ்வளவு தூரம்?”

“கிணத்துக்கடவு போயிட்டு வரணும். மெதுவாப் போறதுக்கு ஒரு கணக்கு, வேகத்துக்கு ஒரு கணக்கு, மேடேறதுக்கு ஒரு கணக்குன்னு அது தனித்தனியா வெச்சிருக்கும். எல்லாத்துலயும் ஓட்டணும். ஒருத்தர் பக்கத்துல உக்காந்து நம்பரைப் பார்த்துச் சொல்லிட்டே வரணும்.”

“நான் பார்க்கறேனுங்க. ஓட்டறது நீங்களா?”

“வண்டிக்காரரு.”

குழந்தைவேலு ஓரடி பின்வாங்கினார். வேறு யாரையாவது அனுப்பலாமே என்று சொல்ல வாயெடுத்தார். எஸ்தர் ஸ்கேனரை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

திருமூர்த்தி மூன்று மணிக்குச் சரியாக வந்தார். எஸ்தர் விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

“வேற ஆளே இல்லைங்களா?”

“நாலு நாளா இந்த வண்டியோட கெடந்தவரு அவருதானுங்க. அவரு வந்தாத்தான் சரியா வரும்.”

திருமூர்த்தி சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, குனிந்து, இடது பக்கக் கதவின் பூட்டை உள்ளிருந்து எடுத்துவிட்டார். குழந்தைவேலு ஏறிக்கொண்டார். இருவரும் நேராகவே பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தரை மணிக்கு வண்டி திரும்பியது. குழந்தைவேலுவை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விட்டது. அவர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இறங்குச்சுங்களா?” என்று எஸ்தர் கேட்டார்.

“மலுமிச்சம்பட்டியில இருபத்து ஒண்ணு. ஒத்தக்கால்மண்டபத்துல பதினெட்டு. கிணத்துக்கடவு பாலத்து மேல பதிமூணு.”

“நம்பர் மட்டும்தான் சொன்னீங்களா?”

“பாலம் வரைக்கும் அதுதான். பதிமூணுன்னு சொன்ன கையோட, ‘மூர்த்தி, உன்னை ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன்டா’ன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘ஒரு வருசம் பார்த்தேன்’னான். ‘வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நீதான்னு நெனச்சு எந்திரிச்சு வருவேன். அப்புறம் எந்திரிக்கறதை விட்டுட்டேன்’னான்.”

எஸ்தர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“ஒன்பது வருசமா ஸ்பேனரே தொடலையாம் அம்மணி. போற வழியெல்லாம் அவன் கையைத்தான் பார்த்துட்டு வந்தேன். பிரேக் வேலைக்கு அவனாட்டக் கைக்காரன் இந்தக் கோயமுத்தூர்லயே இல்லை. அந்தக் கையை நான்தான் கெடுத்தேன்.”

அவர் அழுதார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகம் முழுவதும் கறுப்பாயிற்று. எஸ்தர் சுத்தமான துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“வேற ஏதாவது சொன்னாருங்களா?”

“இறங்கறப்ப, ‘புகை நின்னுருச்சு’ன்னான். அவ்வளவுதான்.”

குழந்தைவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்கேனரை நீட்டினார்.

“ஆறுல நின்னு போச்சுங்க. வாரப்ப எப்படி எப்படியோ ஓட்டிப் பார்த்தோம். அதுக்குக் கீழ இறங்கவே இல்லை. இன்னொரு நாளைக்கு அவனை வரச் சொல்லி, மிச்சத்தையும் இறக்கிப் பூஜ்யம் ஆக்கிடலாங்களா?”

எஸ்தர் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ஸ்கேனரை அணைத்தார்.

“பூஜ்யம் புது வண்டிக்குத்தானுங்ணா. இது இனி ஆறோட ஓடும்.”