கூனிமலைக்குப் பின்னால் சூரியன்

"விடியக்காலையில கூனிமலையைப் படம் எடுக்கவே முடியலை டீச்சர்," என்று குறைப்பட்டார் தங்கப்பழம்.

கண்டக்டர் வேலை ஓய்ந்தபின் கேமரா பிடித்தவர். படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த ரெஜினா டீச்சர் அவருக்கு இளையவர்தான். ஆனாலும் டீச்சருடைய ஸ்டூடியோவுக்குள் அவர் செருப்போடு நுழைந்ததில்லை.

சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. வானத்துக்கு ஏற்ற வெளிச்சம் வைத்து எடுத்தால் மலை கரிக்கட்டை. மலைக்கு ஏற்ற வெளிச்சம் வைத்து எடுத்தால் வானம் வெறும் வெள்ளை.

"ஆண்டவர் இருட்டா வெச்சிருந்தா இருட்டாவே எடுங்க அண்ணாச்சி."

அவருக்கு மனசு ஆறவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மலையின் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். விலக்க விலக்க, கல்குவாரி தோண்டிய பள்ளம் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது.

குவாரி வெடியில் அவர் வீட்டுச் சுவரே விரிசல் விட்டிருந்தது. படத்திலாவது மலை முழுசாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று, பக்கத்துப் பாறையைப் பிரதி எடுத்துப் பள்ளத்தின் மேல் ஒட்டினார்.

படத்தை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"அழகாத்தான் இருக்கு. எந்த ஊர் மலை?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தார் தங்கப்பழம்.

கோயில் திருவிழாக் காலண்டரில் அந்தப் படம் வந்தது. வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கியது. ஊர்க்காரர்கள் அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கை குலுக்கினார்கள்.

பிறகு, குவாரிக்கு மறுபடி அனுமதி கொடுக்கலாமா என்று விசாரிக்க அதிகாரி வந்தார். ஊரே திரண்டு போய், மலையில் பாதி போய்விட்டது என்று முறையிட்டது.

குவாரிக்காரர் சத்தமே போடவில்லை. காலண்டரை மேசைமேல் விரித்தார்.

"இந்த வருசத்துது சார். இவங்க ஊர்க்காரரே எடுத்தது. பள்ளம் எங்க இருக்கு?"

அதிகாரிக்கு மலை வரைக்கும் போக நேரமில்லை. எடுத்தது யார் என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் தங்கப்பழத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பாறை நான் ஒட்டியது என்று சொல்லத்தான் எழுந்தார். கை குலுக்கியவர்களின் முகங்களைப் பார்த்ததும், "நான்தான் சார்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கையெழுத்து விழுந்தது.

மறுநாள் செருப்பைக் கழற்ற மறந்து ஸ்டூடியோவுக்குள் போய் நின்றார்.

"அன்னைக்கே ஏன் டீச்சர் என்னைத் தடுக்கலை?"

டீச்சர் அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"பள்ளத்தை மூட எந்தப் பாறையை எடுத்தீங்க?"

அவர் விரல் வைத்துக் காட்டினார்.

தூரத்தில் வெடி அதிர்ந்தது. கண்ணாடிச் சட்டங்கள் சுவரில் நடுங்கி நின்றன.

"அதைத்தான் இப்ப உடைக்கிறாங்க அண்ணாச்சி."