ஏரித் தேர்தலும் மகாராஜா கேட்ட சேறும்

எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது; முன்னொரு காலம். அப்போது ஒரு நாட்டை ஆண்ட ராஜா, இரவில் கண்ட கனவையெல்லாம் காலையில் சட்டமாக்கிவிடுவார். ஒருநாள் கனவில் ஊர் ஜனங்கள் தலையில் கிரீடத்தோடு வயல் வரப்பில் வரிசையாகப் போனார்கள். அவர் மட்டும் வெறுந்தலையோடு கடைசியில் நடந்தார். விழித்ததும், இனி ஏரி அதிகாரியை ஜனங்களே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

ஏரியோ தூர்ந்து, நீர் வற்றி, வெறும் சேறாகக் கிடந்தது. அடுத்த மழையும் தங்காவிட்டால் பயிர் இல்லை என்று ஊர் கலங்கியிருந்தது. பதவிக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் அரண்மனைக் கணக்கர் பூதலராயர். மற்றவன் யானைக்கொட்டார அதிகாரி வல்லபன்.

யானைகளுக்கு வைக்கிற வெல்லத்தை வல்லபன் வீட்டுக்குக் கடத்துகிறான் என்று பூதலராயர் தெருத்தெருவாகப் பேசவைத்தார். வல்லபனுக்குச் சோறு இறங்கவில்லை. நேராகத் தன் சிநேகிதன், அரசவை விகடகவி காளத்தியிடம் போனான். பூதலராயரின் தம்பி குடித்துவிட்டுக் கோயில் வாசலில் விழுந்த கதையை உடனே பாட்டாகக் கட்டித் தரவேண்டும் என்றான்.

"கட்டிடலாம். ஊரே சிரிக்கும்" என்றான் காளத்தி. "ஆனா அந்தத் தம்பியைப் பத்தித்தான் பேசுவாங்க, உன்னைப் பத்தி இல்ல. நீ வந்தா ஏரிக்கு என்ன செய்வேன்னு யாருக்காவது தெரியுமா? உனக்காவது தெரியுமா?"

அதை வல்லபன் யோசித்ததே இல்லை.

காளத்தி பாட்டுக் கட்டாமலே வல்லபனைத் திருப்பி அனுப்பிய செய்தி பூதலராயருக்கு எட்டியது. காளத்தியைச் சபையிலிருந்து விரட்ட நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். விகடகவி வசை பாட மறுப்பதால் தேர்தலில் வேடிக்கையே இல்லை என்று ராஜாவின் காதில் போட்டார். ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர்.

"காளத்தி, பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்கு வருவோம். இரு தரப்பும் சேற்றை வாரி இறைக்க வேண்டும். குறைவாக இறைத்தால் வல்லபனுக்குப் போட்டியில் இடமில்லை. உமக்குச் சபையில் இடமில்லை."

"உத்தரவு, மகாராஜா. வஞ்சனையில்லாமல் இறைக்கிறோம்" என்று வணங்கினான் காளத்தி.

அந்த விடியலில் பனி ஏரியை மூடியிருந்தது. பூதலராயர் வெள்ளை வேட்டி கட்டி, கரைமேல் நின்று வசைப்பாட்டைப் பாடினார். கேட்க ஆளில்லை. பனிக்குள்ளிருந்து யானைகள் மேகம்போல அசைந்து வந்தன. முதுகில் கூடை கூடையாகச் சேறு. அவற்றின் பின்னே ஊர் மொத்தமும் முழங்கால் புதைய நின்று, மண்வெட்டியால் வாரி வாரிக் கரையில் இறைத்துக்கொண்டிருந்தது. நடுவில் நின்ற வல்லபனுக்கு அது நிஜம் என்றே தோன்றவில்லை. காளத்தி சொன்ன யோசனைப்படி வீடு வீடாகப் போய், யானைகளைக் கொண்டுவருகிறேன், நீங்கள் மண்வெட்டி கொண்டுவாருங்கள், தூர்வாரிவிடலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். இத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணவில்லை.

"என்ன இது?" என்றார் ராஜா.

"தாங்கள் கேட்ட சேறு, மகாராஜா. கணக்கர் தரப்புச் சேறு எங்கே என்றுதான் தேடுகிறோம்" என்றான் உடம்பெல்லாம் சேறாகி நின்ற காளத்தி.

ராஜா பாதரட்சையைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கினார். தோண்டிய பள்ளத்தில் ஊற்று சுரந்து அவர் பாதத்தைச் சில்லென்று நனைத்தது. கொக்குகள் பறக்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வல்லபனைப் பார்த்து, எதிராளியிடம் குறையே இல்லையா என்று கேட்டார்.

"உண்டு, மகாராஜா. சொல்லத்தான் துடித்தேன். ஆனால் கணக்கில் அவருக்கு நிகர் யாருமில்லை. நான் ஜெயித்தால் ஏரிக் கணக்கை அவர்தான் பார்க்க வேண்டும்."

அன்று மாலை ஊரார் ஓலை போட்டு முடித்து, குடத்தைக் கவிழ்த்தபோது அநேகமாக எல்லா ஓலையிலும் வல்லபன் பெயர் இருந்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியின் கழுத்தில் போட்டு, முதலில் போய்க் குளித்துவிட்டு வாரும் என்றார்.

"குளிக்கத் தண்ணீர் வேண்டுமே, மகாராஜா. புது ஏரி அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறேன்."

ராஜா மறுபடியும் சிரித்தார். காளத்தி சொன்னதற்கு அதுவரை ஒருநாளும் சிரித்திராத பூதலராயரும், வேட்டி நுனியால் வாயை மூடிக்கொண்டு, சிரித்துவிட்டார்.