முட்டை கொடுக்காத முள்ளி

சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும் ஒரு தேரிக்காட்டில் முள்ளி என்ற தேன்சிட்டும், அவள் இணை மினுக்கனும் வாழ்ந்து வந்தார்கள். அங்கே மழை அபூர்வம். நிழல் அதைவிட அபூர்வம். எருக்கும் கற்றாழையும் பூத்தால் தேன் கிடைக்கும். உடைமரத்து முள்ளில் சிலந்தி கிடைக்கும். அது போதும் அவர்களுக்கு.

மினுக்கன் நல்ல அழகன். வெயில் பட்டால் அவன் கறுப்பு உடம்பு நீலமாக மின்னும், திரும்பினால் ஊதாவாகும். முள்ளிக்கு அந்தப் பகட்டெல்லாம் இல்லை. முதுகு மண்நிறம், வயிறு வெளிர்மஞ்சள், அவ்வளவுதான்.

அந்தக் காட்டை ஒரு செம்போத்து அடக்கி ஆண்டான். காக்கை அளவு உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்பாய்க் கண். எல்லாப் பறவைகளும் அவனை 'அண்ணாச்சி' என்றே அழைத்தன.

"பாம்பையும் ஓணானையும் நான் பிடித்துத் தின்பதால்தான் நீங்கள் பிழைத்துக் கிடக்கிறீர்கள்! கூட்டுக்கு ஒரு முட்டை எனக்கு வந்தாக வேண்டும்!" இதுதான் அவன் போட்ட சட்டம்.

எல்லோரும் கொடுத்தார்கள். போன கோடையில் முள்ளியும் கொடுத்தாள். அவள் இட்டதே இரண்டு முட்டை. ஒன்றை அவள் கண்முன்னே உடைத்துக் குடித்தான் செம்போத்து. மற்றது பொரிந்தது. குஞ்சுக்குச் சரியாக இறகுகூட முளைக்கவில்லை, அதற்குள் மறுபடியும் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, உங்கள் பங்கைத்தான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே!" என்று பதறினாள் முள்ளி.

"அது முட்டைக்கு. இது குஞ்சுக்கு!" என்று சொல்லி, ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போனான்.

முள்ளி மூன்று நாள் வெறுங்கூட்டுக்குள்ளேயே கிடந்தாள். நான்காம் நாள் வெளியே வந்தபோது அவள் மனம் கல்லாகியிருந்தது.

இந்த ஆண்டு கற்றாழை பூத்ததும் அவள் மறுபடி கூடு கட்டத் தொடங்கினாள். புதருக்குள்ளே அல்ல, உடைமரத்தின் வெளிப்பக்கம், ஊசி போல் மெலிந்த ஒரு கிளையின் நுனியில்! சிலந்தி நூலால் நாரைப் பிணைத்தாள். மேலே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டினாள். உள்ளே எருக்கம்பஞ்சை மெத்தையாகப் பரப்பினாள். பக்கவாட்டில் ஒரு வாசல், அதன்மேல் சின்னதாய் ஒரு கூரை. சுற்றிலும் விரல் நீள வெள்ளை முட்கள்.

"இப்படிப் பட்டவர்த்தனமாகவா கட்டுவது? அண்ணாச்சி பார்த்துவிடுவாரே!" என்று பயந்தாள் கீழே மேய்ந்த கௌதாரி.

"பார்க்கட்டும் அக்கா! இந்தத் தடவை ஒன்றும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியட்டும்!"

"முள்ளி, நாம் விரல் நீளம். அவன் மலை மாதிரி. ஒன்றைக் கொடுத்துவிடுவோமே?" என்று கெஞ்சினான் மினுக்கன்.

"போன தடவை ஒன்றைக் கொடுத்தோம். எத்தனை மிஞ்சியது, சொல்!"

மினுக்கன் எருக்கம்பூப் பக்கம் பறந்துவிட்டான்.

இரண்டு முட்டை இட்ட ஐந்தாம் நாள் காலையில், 'ஊப்... ஊப்...' என்ற குரல் கேட்டது. காடே வாயடைத்துப் போனது. மினுக்கன் எருக்கஞ்செடிக்குள் பதுங்கினான். முள்ளி மட்டும் முட்டைகளின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் பங்கு எங்கே?" என்று அதட்டினான் செம்போத்து.

"உனக்குப் பங்கே கிடையாது!"

"என்னடி சொன்னாய்?"

"மாட்டேன் என்றேன்! காது கேட்கவில்லையா? ஒரு முட்டையும் தரமாட்டேன்! போ!"

செம்போத்து கோபத்தில் கிளைமேல் பாய்ந்தான். அவன் கனம் தாங்காமல் கிளை சடாரென்று வளைந்தது. தலைகீழாகத் தொங்கியவன் சிறகை விரிக்க, அதில் நாலைந்து முட்கள் ஏறின. அந்த வலியிலும் அவன் கூட்டை நோக்கி அலகை நீட்டினான். வாசல் கூரை பிய்ந்து விழுந்தது. முள்ளி கூட்டைவிட்டு ஓடவில்லை. வாசல் வழியே தலையை நீட்டி, வளைந்த அலகால் அவன் கண்ணோரத்தில் ஓங்கிக் குத்தினாள்.

"ஐயோ!" என்று அலறினான் அண்ணாச்சி.

அந்த அலறல் எருக்கஞ்செடிக்குள் கேட்டது. 'இவனுக்கும் வலிக்குமா!' என்று வியந்தான் மினுக்கன். அடுத்த நொடி, மார்போரத்து ஆரஞ்சு இறகுகளை விரித்துக்கொண்டு நெருப்புப் பொறி போலப் பாய்ந்து வந்தான். செம்போத்தின் பிடரியில் கொத்தினான், விலகினான், மறுபடி கொத்தினான்.

"வாருங்கள்! எல்லோரும் வாருங்கள்!" என்று கத்தினான்.

முதலில் வந்தவை இரண்டு கொண்டைக்குருவிகள். பின்னாலேயே தவிட்டுக்குருவிக் கூட்டம் கூச்சலோடு வந்தது. செம்போத்து முள்ளில் இருந்து சிறகைப் பிய்த்துக்கொண்டு பொத்தென்று மணலில் விழுந்தான். அங்கே கௌதாரி காத்திருந்தாள். "ஆறு முட்டை கொடுத்திருக்கிறேனடா உனக்கு!" என்று அழுதுகொண்டே அவன் முகத்தில் செம்மணலை வாரி இறைத்தாள்.

"நான் போய்விட்டால் ஓணான் வரும்! அப்போது யார் காப்பாற்றுவார்கள் என்று பார்க்கிறேன்!" என்று ஓடிக்கொண்டே மிரட்டினான் செம்போத்து.

"உன்னையே விரட்டினோம், ஓணான் எங்களுக்கு எம்மாத்திரம்!" என்றாள் முள்ளி.

அன்று மாலையே அவள் சிலந்தி நூல் கொண்டுவந்து வாசல் கூரையைச் சரிசெய்தாள். பத்து நாளில் இரண்டு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகளுக்குப் புழு பிடித்துக் கொடுத்து மினுக்கனுக்கு மாளவில்லை. செம்போத்து தேரியின் மறுகோடிக்கே போய்விட்டான். அதன்பின் அந்தக் காட்டில் யாரும் யாருக்கும் முட்டை கொடுக்கவில்லை.

பயந்து கொடுக்கிறவரிடம் கொடியவன் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருப்பான். எவ்வளவு சிறியவரானாலும் 'மாட்டேன்' என்று துணிந்து எதிர்த்து நின்றால்தான் அவன் கொட்டம் அடங்கும்.