மூழ்காத வட்டிலும் ஆறு பணியாரமும்

நீரில் மூழ்கும் கிண்ணத்தைக் கொண்டு மக்கள் பொழுதை அளந்த காலம் அது. பெயர் சொல்லாவிட்டாலும் குறையில்லாத ஒரு நாட்டில், மன்னர் தீர்த்தவர்மருக்குப் பெருங்கவலை உண்டாயிற்று. அவருடைய செல்வமகள் பூங்கோதை, பாடசாலையின் நுழைவுத் தேர்வில் மறுபடியும் தோற்றுவிட்டாள். பொழுதுக் கணக்கும் காசுக் கணக்கும் அவளுக்கு வேப்பங்காய். அரசர் மகளென்று சலுகை காட்டத் தலைமையாசிரியர் இசையவில்லை.

இவளுக்குக் கணக்கு வரச்செய்பவர் யார் என்று மன்னர் அவையில் வினவினார். கருவூலத் தலைவர் அனந்தசிவம் முந்திக்கொண்டார். விகடம் சொல்லும் சடையாண்டியின் இருக்கையில் தம் மருமகனை அமர்த்த வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. எல்லாம் அறிந்த சடையாண்டியாரே கற்பிக்கட்டும், நாழிகை வட்டில் மூழ்குமுன் இளவரசி தேறாவிட்டால் பதவியைத் துறக்கட்டும் என்று தேன் தடவிய குரலில் மொழிந்தார். மன்னரும் யோசியாமல், "அவ்வாறே ஆகுக. வட்டில் மூழ்கும்வரைதான் தவணை" என்றுவிட்டார்.

வட்டிலோ அடியில் ஊசித்துளையிட்ட சிறு செம்புக் கிண்ணம். மிதக்கவிட்டால் ஒரே நாழிகையில் நிறைந்து மூழ்கிவிடும். காவலன் அதை நீரில் விடக் குனிந்தான். சடையாண்டி மிகுந்த பணிவுடன் அதை வாங்கி, மேல்துண்டில் முடிந்துகொண்டு, இளவரசியுடன் கடைவீதிக்கு நடந்துவிட்டார். அவை வாய் பிளந்து நின்றது.

கடைவீதியில் ஒரே கூத்து. வளையல் வாங்கிய இளவரசி மீதிக் காசை மறந்து வந்து, பிறகு மூச்சிரைக்க ஓடினாள். பணியாரக் கடை வள்ளியக்காள், அடுத்த சட்டி இறங்க அரை நாழிகை ஆகும் என்றாள். பொம்மலாட்டத்தில் மயங்கிப் பிந்தி வந்தவளுக்கு வெறும் சட்டியே கிடைத்தது. மறுநாள் அவள் பிந்தவில்லை. அதற்கடுத்த நாள், சில்லறை குறைத்துத் தந்த வெற்றிலைக்காரரைத் தெருக்கோடி வரை துரத்திப் பிடித்தாள்.

அரைத்திங்கள் கழித்து இருவரும் அவைக்குத் திரும்பினர். தவணை என்றோ முடிந்ததென்று அனந்தசிவம் குதித்தார். சடையாண்டி முடிச்சை அவிழ்த்தார்.

"கருவூலத்தாரே, தொட்டுப் பாருங்கள். வட்டிலில் இன்னும் ஒரு சொட்டு நீர்கூடப் படவில்லை. மூழ்காத வட்டிலுக்குத் தவணை எப்படி முடியும்?"

மன்னர் மீசைக்குள் சிரித்து, வட்டிலை நீரில் விடச் செய்து, தலைமையாசிரியரை அழைத்துத் தேர்வைத் தொடங்கச் சொன்னார். அவரை முந்திக்கொண்டு அனந்தசிவமே கேள்வி தொடுத்தார்.

"இளவரசி, ஒரு பணியாரம் வேக அரை நாழிகை. விலை இரண்டு காசு. ஆறு பணியாரத்துக்கு எத்தனை நாழிகை, எத்தனை காசு?"

"அரை நாழிகை, பன்னிரண்டு காசு."

"பிழை, பிழை. மூன்று நாழிகை" என்று அனந்தசிவம் துள்ளினார். பூங்கோதை இடுப்பில் கைவைத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, வள்ளியக்காள் சட்டியில் ஏழு குழி. ஆறும் சேர்ந்தே வேகும். மூன்று நாழிகை வைத்தால் கரிதான் கிடைக்கும். அதைத் தாங்கள்தாம் உண்ண வேண்டும்."

தலைமையாசிரியர் விழுந்து விழுந்து சிரித்து, அந்த இடத்திலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார். மன்னர் மகிழ்ந்து, சடையாண்டிக்கு நூறு பொன்னை அனந்தசிவமே தம் கையால் எண்ணித் தரவேண்டுமென ஆணையிட்டார். அவரும் முகம் சுளித்தபடி எண்ணி நீட்டினார். பூங்கோதை அருகே வந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"தந்தையே, ஒன்று குறைகிறது."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் நின்றது. அனந்தசிவம் மெல்ல மடியைத் தடவி, நூறாவது பொன்னையும் எடுத்து வைத்தார்.