மைனாவின் பதினொரு குரல்கள்

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. பெரியவர்களும் முயற்சி செய்யலாம், தப்பில்லை.

ஒருத்தி ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை. அவளுக்குத் தேர்வெழுத அனுமதி இல்லை. அவளோடு படித்த பதினொரு பேர் முதல் இரண்டு வாரத்துக்கு அப்புறம் வகுப்புப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அனுமதி உண்டு. எப்படி?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மூங்கில்காட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர்ந்தது குழலி என்ற மைனா. சொந்த ஊரில் அது பெரிய ஆள். பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, குரல் மாற்றிப் பேசும் போட்டி எல்லாவற்றிலும் முதல் பரிசு. இங்கே வந்து பார்த்தால், எல்லாருமே ஏதோ ஒரு காட்டில் முதல் பரிசு வாங்கியவர்கள்தான்! குழலியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடைக்கரை கேன்டீனில் அது தனியாக உட்கார்ந்து, தனியாகப் பழம் கொத்தியது. ஒன்பது நாள் இப்படியே போனது.

பத்தாம் நாள், 'ஊருக்கே போய்விடலாம்' என்று அது சிறகை விரித்தபோது, நரி நம்பி வந்து நின்றது.

"மச்சி, நீ குரல் மாத்திப் பேசுவியாமே?"

"ஏதோ கொஞ்சம் வரும்."

"கொஞ்சம் போதும்! நாளைக்கு எனக்கு ஒரு ப்ராக்ஸி போட்டுடு. எனக்குத் தூக்கம் வருது."

"நாளைக்கு வரப்போற தூக்கம் இன்னிக்கே தெரியுமா?"

"என் தூக்கம் எனக்குத் தெரியாதா!"

ப்ராக்ஸி என்றால், வராத ஒருவருக்காக வந்த ஒருவர் குரல் கொடுப்பது. அந்த வகுப்பில் அது ரொம்பச் சுலபம். பாடம் எடுப்பவர் ஆமைப் பேராசிரியர். அவருக்கு வெளிச்சம் ஆகாது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டுதான் பெயர் கூப்பிடுவார், பாடமும் நடத்துவார். குரல் கேட்டால் பலகையில் நகத்தால் ஒரு கோடு. கேட்காவிட்டால் கோடு இல்லை.

மறுநாள், "நரி நம்பி!" என்றார் ஆமை.

"உள்ளேன் ஐயா!" என்று நரிக் குரலில் கரகரத்தது குழலி. கோடு விழுந்தது.

அன்று மாலை கேன்டீனில் குழலிக்கு நட்டநடுவில் இடம் கிடைத்தது. "ப்ராக்ஸி வந்தாச்சு! தள்ளி உட்காருங்கடா!" என்று கத்தியது குரங்கு. யானைக்கன்று தன் வாழைப்பழத்தில் பாதியைக் கொடுத்தது. குழலிக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கும் ப்ராக்ஸி!"

"எனக்கும்!"

ஒரே வாரத்தில் வகுப்பில் மிஞ்சியது குழலி மட்டும்தான். அது மயிலாக அகவியது. முயலாகக் கீச்சிட்டது. யானையாகப் பிளிறியது.

பட்டியலில் அதன் பெயர் முயலுக்கும் யானைக்கும் நடுவில் இருந்தது. அங்கேதான் சிக்கல். முயல் குரலிலிருந்து யானைக் குரலுக்கு இறங்க ஒரு மூச்சு நேரமாவது வேண்டும். ஆமை "மைனா குழலி!" என்று கூப்பிடும்போது, குழலி தொண்டையைச் சரிசெய்து கொண்டிருக்கும்.

'நான்தான் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறேனே! எனக்கு எதற்குக் குரல்?' என்று அது நினைத்துக்கொண்டது. யாருடைய கண்ணெதிரே என்று யோசிக்கவில்லை.

தேர்வு வந்தது. எண்பது நாளில் அறுபது நாளாவது வந்திருந்தால்தான் எழுதலாம். இல்லாவிட்டால் விடுதியைக் காலி செய்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி முதலாம் ஆண்டு. வருகைப் பட்டியலை ஒரு மூங்கிலில் மாட்டினார்கள். குரங்கு எண்பது நாள். நரி எழுபத்தெட்டு. மைனா பதினான்கு!

மற்றவர்கள் அவரவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் குதித்தார்கள். குழலி பறந்து போய் ஆமையின் ஓட்டைத் தட்டியது.

"ஐயா! நான் தினமும் வந்தேன்!"

"பலகை அப்படிச் சொல்லவில்லையே" என்றது ஓடு.

"என் நண்பர்களைக் கேளுங்கள் ஐயா!"

பதினொரு பேரும் வந்தார்கள். "இவள் தினமும் வந்தாள் ஐயா! என் கண்ணால் பார்த்தேன்!" என்றது நரி.

"நல்லது. நேற்று என்ன பாடம்?"

"அருமையான பாடம் ஐயா!"

"அதுதான், என்ன பாடம்?"

நரி குரங்கைப் பார்த்தது. குரங்கு மானைப் பார்த்தது. மான் புல்லைப் பார்த்தது.

குழலி வாயைத் திறந்தது. வந்தது ஆமையின் குரல். "நீர்நிலைகள் மூன்று வகைப்படும். க்ஹும். இரண்டாவது வகை குளம். க்ஹும். முதல் வகை மறந்துவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன்." முந்தாநாள் பாடமும் வந்தது. போன மாதப் பாடமும் வந்தது, நடுநடுவே விட்ட குறட்டையோடு.

"யாரப்பா அது, இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துவது?" என்று அந்த வருடத்தில் முதல் தடவையாக ஆமை தலையை நீட்டினார். மைனாவைப் பார்த்தார். பதினொரு பேரையும் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"நீ தினமும் வந்திருக்கிறாய், சரி. அந்தத் தொண்டைக்குள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? பெயரைச் சொன்னால் நீ தேர்வெழுதலாம், அவர்கள் எழுத முடியாது. சொல்லாவிட்டால் பலகையில் இருப்பதுதான் முடிவு."

நரி ஓரமாக நகர்ந்து வந்து கிசுகிசுத்தது. "போட்டுக் கொடுத்துடாதே ப்ராக்ஸி! நீ நம்ம ஆளு!"

"என் பேர் என்ன நம்பி?"

"அட, இதுவா நேரம்?"

"என் பேர் என்ன?"

நரி குரங்கைப் பார்த்தது. குரங்கு மானைப் பார்த்தது. மான் மறுபடியும் புல்லைப் பார்த்தது.

புது இடத்தில் நாலு பேருக்குப் பிடிக்க வேண்டும் என்று நாலு பேர் குரலிலும் பேசுகிறவர், தன் பெயரைக் கூப்பிடும்போது தன் குரலில் பதில் சொல்ல மறக்கக் கூடாது.

குழலி பதினொரு பெயர்களையும், பட்டியல் வரிசைப்படி, தன் சொந்தக் குரலில் சொன்னது.